கடல் கொண்ட நாடும் கதை கொண்ட நாடும்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



நம் முன்னோரின் பெருமையைப் பற்றிச் சில வார்த்தை பேச வேண்டும் என்று மன்றத்தார் கேட்டுக்கொண்டனர். முன்னோரைப் புகழ்ந்து பேசுவது எளிய காரியம், கைதட்டும் கிடைக்கும். ஆனால் புகழ்ச்சி எது, உண்மை எது என்று பிரித்தறியும் பழக்கத்தை இளைஞர்களிடம் வளர்ப்பதே இத்தகைய மன்றத்துக்கு அழகு. ஆகவே நம்மிற் பலர் மேடைகளிலும் வீடுகளிலும் அடிக்கடி சொல்லிவரும் ஒரு கதையை எடுத்து, அதனை இன்று உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். அதுவே குமரிக்கண்டக் கதை.

நாம் கூடியிருக்கும் மட்டக்குளி, களனி கங்கை கடலொடு கலக்கும் இடம். காக்கைத்தீவுக் கரையில் நின்றால் ஆற்று நீரும் கடல் நீரும் ஒன்றோடொன்று மோதுவதைக் காணலாம். இந்த ஆற்றின் வாயிலைப் பற்றிச் சிங்கள மக்களிடையே ஒரு பழைய கதை உண்டு. நமது கதைக்குப் போகுமுன் அயலவர் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

களனியில் தீசன் என்ற அரசன் ஆண்டான். அரசியைப் பற்றி எழுந்த ஐயத்தால், பிக்கு வேடம் பூண்ட ஒருவன் கொண்டுவந்த ஓலையைக் கண்டு, குற்றமற்ற ஒரு தேரரைக் கொதிக்கும் கொப்பரையில் இடுவித்தான். கடல் தெய்வங்கள் சினங்கொண்டன. கடல் பொங்கி நாட்டினுள் புகுந்தது. அதனைத் தணிக்க அரசன் தன் மகளைப் பொற்கலத்தில் இருத்திக் கடலில் விட்டான். அவள் உருகுணை நாட்டுக் கரையில் ஒதுங்கி, காக்கவண்ண தீசனை மணந்தாள். அவளே விகாரமாதேவி, துட்டகைமுனுவின் தாய்.

இக்கதை கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் எழுந்த மகாவம்சத்தில் வருகிறது. அங்கே கடல் நாட்டினுள் புகுந்தது என்ற அளவில் செய்தி நின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பின் எழுந்த இராஜாவலியைப் பார்த்தால், அதே கடல்கோள் நூறாயிரம் பட்டினங்களை விழுங்கிவிடுகிறது. களனி அரசனின் நாட்டில் பன்னிரண்டில் பதினொரு பங்கு கடலுள் மறைந்துவிடுகிறது. நிகழ்ச்சி ஒன்றுதான். அதற்கு அருகில் வாழ்ந்தவன் குறைத்துச் சொன்னான். தொலைவில் வாழ்ந்தவன் மிகுத்துச் சொன்னான்.

இதைக் கேட்டு நம் இளைஞர் சிலர் புன்னகை புரிகிறார்கள். அன்பர்களே, அந்தப் புன்னகையைச் சற்று நேரம் பத்திரமாக வைத்திருங்கள். இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

சிலப்பதிகாரத்தில் பஃறுளி என்னும் ஆறும் குமரி என்னும் மலையும் கடலுக்கு இரையான செய்தி குறிக்கப்படுகிறது. கலித்தொகையிலும், கடல் கொண்ட நிலத்துக்கு ஈடாகப் பாண்டியன் அயல் நிலங்களை வென்ற செய்தி உண்டு. பழைய நூல்களில் இவ்விடயம் இவ்வளவு சுருக்கமானதே. ஓர் ஆறு, ஒரு மலை, கொஞ்சம் நிலம். சில நூற்றாண்டு கழிகின்றன. கி.பி. 8ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் இறையனார் களவியலுரையில் முச்சங்க வரலாறு விரிவாக வருகிறது. முதற்சங்கம் 4440 ஆண்டு, 89 அரசர். இடைச்சங்கம் 3700 ஆண்டு, 59 அரசர். கடைச்சங்கம் 1850 ஆண்டு, 49 அரசர். முதல் இரண்டு சங்கங்களும் இருந்த மதுரையும் கபாடபுரமும் கடல்கொள்ளப்பட்டன. இன்னும் சில நூற்றாண்டு சென்றபின் சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், கடல் கொண்ட நிலம் எழுநூறு காவதம் என்றும், அதில் ஏழு ஏழாக நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் எழுதுகிறார்.

ஓர் ஆறும் மலையும் நாற்பத்தொன்பது நாடானமையைக் கவனியுங்கள். களனியில் நடந்ததும் இதுவே. இங்கே நூறாயிரம் பட்டினம். அங்கே எழுநூறு காவதம். இரு கதைகளும் ஒரே விதமாக வளர்ந்திருக்கின்றன.

கணக்கில் வல்ல மாணவர் இங்கே பலர் இருக்கிறீர்கள். களவியலுரை தரும் எண்களைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். 4440, 3700, 1850 ஆகிய மூன்றும் 37 என்ற எண்ணின் மடங்குகள். 37ஐ 120, 100, 50 என்பவற்றால் பெருக்கினால் முறையே இவை வரும். மெய்யாகவே நடந்த காலங்களை எழுதிவைத்த கணக்கு இவ்வளவு ஒழுங்காக அமைவது மிக அருமை. மேலும், 3700 ஆண்டை 59 அரசருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 63 ஆண்டு வரும். விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டது 63 ஆண்டு. உலகமே வியந்த நீண்ட ஆட்சி அது. இடைச்சங்கத்து அரசர் ஒவ்வொருவரும், ஒருவர் தவறாமல் ஐம்பத்தொன்பது பேரும், விக்டோரியாவைப்போல் ஆண்டிருந்தால் அன்றி இக்கணக்கு நேராகாது.

இங்கே பெரியோர் ஒருவர் கேட்கலாம்: "முதற்சங்கத்தில் சிவபெருமானும் முருகப்பெருமானும் வீற்றிருந்தனர் என்று அந்த உரை சொல்லுகிறதே, அதனையும் மறுக்கிறாயோ?" ஐயா, இல்லை. தமிழ் தெய்வத்தன்மை உடையது என்ற பத்தியை அந்த உரையாசிரியர் கதையாகச் சொன்னார். பத்தியோடு படிப்பவர்க்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதனை எடுத்துப் பஞ்சாங்கம் போல் ஆண்டு எண்ணப் புகும்போதுதான் நாம் இடறி விழுகிறோம்.

குமரி கண்டம் என்ற பெயரும் நமக்குப் புதிதன்று. கோயில்களில் நாம் படித்துப் பயன்சொல்லிக் கேட்கும் கந்தபுராணத்திலேயே அது வருகிறது. ஆனால் கச்சியப்ப சிவாசாரியார் பரத கண்டத்தின் ஒன்பது பிரிவுகளில் ஒன்றாகவே அதனைக் கூறினார். பரதனின் மகள் குமரியின் பெயரால் அமைந்த பகுதி என்றார். கடலில் மூழ்கிய கண்டமாக அதனை அவர் பாடவில்லை. அப்படியானால் மூழ்கிய பெருங்கண்டம் எங்கிருந்து வந்தது?

அது வந்தது இலண்டன் மாநகரிலிருந்து. நம் காடுகளில் தேவாங்கு என்னும் சிறு பிராணி உண்டு. பெரிய கண்ணும் மெலிந்த கையுமாக இரவில் மரத்தில் ஊர்வது. அதன் உறவான லெமூர் என்னும் பிராணிகள் மடகஸ்கார் தீவில் வாழ்கின்றன. இந்த உறவினர் கடலின் இரு கரையிலும் எப்படி வந்தனர் என்ற கேள்விக்கு விடையாக, பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் 1864இல் ஓர் ஊகத்தை வெளியிட்டார். இந்து சமுத்திரத்தில் ஒரு கண்டம் இருந்து அழிந்திருக்க வேண்டும் என்றார்; லெமூரின் பெயரால் அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். ஜேர்மன் அறிஞர் ஹெக்கல் என்பவர், மனித இனமே அங்குத்தான் தோன்றியிருக்கலாம் என்று அதன்மேல் இன்னோர் ஊகத்தை ஏற்றினார். 1888இல் பிளாவட்ஸ்கி அம்மையார் தமது பிரமஞான நூலில் அக்கண்டத்தில் விந்தையான மனிதரைக் குடியேற்றினார். தேவாங்கின் உறவினரைக் கடத்துவதற்காகக் கட்டிய பாலத்தில் பிறகு யார் யாரோ ஏறி நடந்தனர்.

இதே காலத்தில் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய ஏடுகள் அச்சேறிக்கொண்டிருந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்தார். கடல்கோட் செய்தியைப் புதிதாகப் படித்த தமிழறிஞர், மேலைநாட்டார் சொன்ன லெமூரியாவே நம் நூல் கூறும் நாடு என்று மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியை நாம் இகழலாகாது. தமிழுக்கு நூலில்லை, வரலாறில்லை என்று பிறர் ஏளனம் செய்த காலம் அது. தலைநிமிர ஒரு பிடி தேடியவர்க்கு, வெள்ளைக்கார விஞ்ஞானியே சாட்சி சொல்வதுபோல் தோன்றியது. பாடநூல்களில் அது புகுந்தது. 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசின் ஆதரவில் அதனைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

ஆனால் அந்தச் சாட்சி எப்போதோ கூண்டைவிட்டு இறங்கிப் போய்விட்டார். அல்பிரட் வெகனர் என்ற ஜேர்மன் அறிஞர், கண்டங்கள் மூழ்குவதில்லை, நகர்கின்றன என்று 1912இல் எடுத்துரைத்தார். முதலில் அவரை எள்ளி நகையாடினார்கள். 1960களில் கடலடியை அளந்து ஆராய்ந்தபின், கண்டங்கள் நகர்வதை உலகம் ஏற்றுக்கொண்டது. கண்டத்தின் பாறை இலேசானது. கடலடிப் பாறை கனமானது. கட்டை நீரில் மிதப்பதுபோல் கண்டம் தன் அடிப்படையில் மிதக்கிறது. கப்பல்போல் அது அமிழ்ந்துவிடாது. இந்தியாவும் மடகஸ்காரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பது மெய்யே. அவை பிரிந்து ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டு ஆயிற்று. மனித இனம் தோன்றியதோ சுமார் மூன்று இலட்சம் ஆண்டுக்குள். லெமூர்களின் முன்னோர் மரஞ்செடிகள் பின்னிய மிதவைகளில் ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்தனர் என்பதே இப்போது அறிஞர் பலரின் முடிவு. எவற்றுக்காகக் கண்டம் வேண்டப்பட்டதோ அவற்றுக்கே அது தேவைப்படவில்லை.

2013இல் மொரீசியஸ் தீவின் கடற்கரை மணலில் மிகப் பழைய கண்டத் துணுக்கின் தடயங்கள் கண்டறியப்பட்டன. உடனே, "பார்த்தீர்களா, லெமூரியா கிடைத்துவிட்டது!" என்று சிலர் ஆர்ப்பரித்தார்கள். அது மடகஸ்காருக்கும் இந்தியாவுக்கும் இடையில் கிழிந்து சிதைந்த ஒரு சிறு துண்டு. அது சிதைந்த காலத்தில் தமிழரும் இல்லை, மனிதரே இல்லை.

அப்படியாயின் நம் பழம்புலவர் பொய்யா சொன்னார்கள்? இல்லை. கடல் நிலத்தைக் கொள்வது மெய். ஏறத்தாழ இருபதினாயிரம் ஆண்டுக்கு முன், உலகில் பனி மிகுந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றிருப்பதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அப்போது தரை. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பாங்க் என்று மீன்பிடியாளர் சொல்லும் ஆழம் குறைந்த கடல் உண்டு; 1976இல் இந்தியாவோடு எல்லை உடன்படிக்கை ஆகுமுன் இலங்கை இழுவைக் கப்பல்கள் அங்கே சென்று மீன் பிடித்துவந்தன. அந்தப் பகுதியிற் பெரும்பங்கு பனிக்காலத்தில் நிலமாய் இருந்திருக்கும். பனி உருகக் கடல் ஏறியது. கரையோர நிலம் மறைந்தது. ஆனால் அதற்குத் தெற்கே இந்து சமுத்திரத்தின் ஆழம் மூன்றரைக் கிலோமீற்றருக்கும் மேல். 120 மீற்றர் ஏறிய நீர் அங்கே ஒரு கண்டத்தை மூடியிருக்க வழியில்லை. கடல் கொண்டது ஒரு கரையோரப் பட்டை, கண்டமன்று.

பின்வந்த காலத்திலும் கடல் சும்மா இருக்கவில்லை. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடிப் பட்டினம் அழிந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையில் நிகழ்ந்ததை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உறவினரை இழந்தவர்கள் இச்சபையிலேயே இருக்கக்கூடும். இத்தகைய துயரைக் கண்ட மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லுவார்கள். காரணம் தெரியாதபோது அறத்தைக் காரணமாக வைப்பார்கள். களனியில் அரசன் தேரரைக் கொன்றான், கடல் வந்தது; மணிமேகலையில் இந்திர விழா மறக்கப்பட்டது, கடல் புகாரைக் கொண்டது. இரண்டும் ஒரே மனித உள்ளத்திற் பிறந்தவை. சிங்களவர் கதையென்றும் தமிழர் கதையென்றும் நாம் பிரித்து வைத்திருப்பவை, உண்மையில் ஒரே கடலுக்கு அஞ்சிய அயலவர் இருவரின் நினைவுகள்.

இப்போது, முன்னே பத்திரமாக வைக்கச் சொன்ன புன்னகையை எடுத்துப் பாருங்கள். இராஜாவலியின் நூறாயிரம் பட்டினத்தைக் கேட்டுச் சிரிப்பவர், எழுநூறு காவதத்தைக் கேட்டு மார்தட்டலாமா? மகாவம்சத்தை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ளாதீர் என்று பிறருக்குச் சொல்லுகிறோம். நியாயமான சொல். ஆனால் அந்த நியாயம் நம் வீட்டு வாசலோடு நின்றுவிடக் கூடாது. தராசு ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லாளன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். துட்டகைமுனுவுக்கும் எல்லாளனுக்கும் நடந்த போரை இரு இனங்களின் போராக இரு பக்கத்து மேடைகளிலும் முழங்கினார்கள். மகாவம்சத்தையே திறந்து பார்த்தால், எல்லாளன் 44 ஆண்டு ஆண்டான் என்றும், நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒரே நீதி செய்தான் என்றும் காண்கிறோம். அவன் வீழ்ந்தபின் துட்டகைமுனு அவனுக்கு நினைவிடம் அமைத்து வழிபாடு செய்வித்தான் என்றும், பின்வந்த அரசரும் அவ்விடத்தை அணுகும்போது இசையை நிறுத்தினர் என்றும் அந்நூலே கூறுகிறது. மூலநூலில் உள்ள இந்த மரியாதை மேடைப்பேச்சில் காணாமற் போயிற்று. படிக்காமல் முழங்கிய வரலாறு வெறும் வாய்ப்பேச்சோடு நிற்பதில்லை என்பதைக் கொழும்பில் வாழும் நாம் 1958இலும் 1983இலும் நேரிற் கண்டோம். ஆகவே கட்டுக்கதையைக் களைவது புலவர்களின் பொழுதுபோக்கு அன்று. நம் பிள்ளைகளின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. நம் இளைஞன் ஒருவன் வேலைத்தலத்திலோ பல்கலைக்கழகத்திலோ, "எங்கள் வரலாறு பதினாயிரம் ஆண்டு, எங்கள் கண்டம் கடலுள் இருக்கிறது" என்று பேசுகிறான். கேட்பவர் விடயம் அறிந்தவராயின், அந்த ஒரு பேச்சோடு அவன் பின்னே சொல்லும் மெய்யான செய்திகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். பொய்க்காசு ஒன்று கலந்தால் பையிலுள்ள நல்ல காசும் சந்தையில் செல்லாது.

நல்ல காசு நம்மிடம் இல்லையா? நிறைய உண்டு. அநுராதபுரத்தில் அபயகிரிக்கு அருகே ஒரு கல் இருக்கிறது. அதிலே கி.மு. காலத்துப் பிராமி எழுத்தில், தமிழ்க் குடும்பத் தலைவர்கள் கூடுவதற்கான மண்டபம் என்று பொறித்து, அவரவர் இருக்கைக்கு நேரே பெயரும் வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் மரக்கல மாலுமி. படையெடுத்து வந்தவராயன்றி, அயலவரோடு இருந்து தொழில் செய்த தமிழரை அந்தக் கல் காட்டுகிறது. அது எந்த அலையும் அழிக்காத சான்று.

அதைவிடச் சமீபத்தில் ஒன்றைக் காண விரும்பினால் கொழும்பு நூதனசாலைக்குப் போங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அங்கே நிற்கிறது. 1409ஆம் ஆண்டுக் காலக்குறிப்பு உடையது. மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவந்துறையில் எழுந்தருளிய தேனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறையிலும் காணிக்கை கூறுகின்றன. சீனத்துப் பேரரசன் ஒருவன் இத்தீவின் தென்கரைக்கு அனுப்பிய கல்லில் தமிழும் ஒரு மொழியாக நின்றதென்றால், அக்காலத்து இந்துமா கடல் வாணிகத்தில் தமிழுக்கு இருந்த இடம் எத்தகையது! இந்தப் பெருமைக்கு ஒரு கண்டமும் மூழ்க வேண்டியதில்லை.

அந்தக் கல் 1911இல் எங்கே கிடைத்தது தெரியுமா? காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. காணாத கண்டத்தைக் கடலடியில் தேடி நாம் கற்பனை வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், காணத்தக்க சான்று தெருவோரத்தில் வண்டிச் சக்கரத்தின் கீழ்க் கிடந்தது.

பழமை மிகுந்தால்தான் பெருமை என்பதும் ஒரு மயக்கம். நாம் அடிக்கடி சென்று வணங்கும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் 1857இல் பொன்னம்பல முதலியாரால் தொடங்கப்பெற்றது. அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதனைக் கருங்கற்கோயிலாக எடுப்பித்தார். ஆண்டு தெரியும், கட்டியவர் பெயர் தெரியும். ஆயிரம் ஆண்டு என்று சொல்லாததால் அக்கோயிலின் சாந்நித்தியம் ஒரு மாற்றும் குறைந்ததில்லை.

இளைஞர்களே, பழங்கதை எதைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கும் அவருக்கும் இடையே எத்தனை காலம்? வேறு வகைச் சான்று, அதாவது கல்லோ காசோ மண்ணோ, இதனோடு ஒத்து வருகிறதா? பிடித்த கதைக்கும் பிடியாத கதைக்கும் இதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். பெரியோரிடம் கேட்கும்போது பணிவோடு கேளுங்கள். கேளாமல் மாத்திரம் இருந்துவிடாதீர்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் எப்போது வந்து குடியேறினர், எந்தக் கோயிலை யார் தொடங்கினர், எந்தத் தெருவில் எந்தத் தொழில் நடந்தது என்பவை உங்கள் நினைவிலும் பழைய உறுதிகளிலும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளை அருகில் இருத்தி, ஆண்டும் பெயரும் தவறாமல் எழுதுவியுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை மன்றம் வெளியிடட்டும். கடல் கொண்டதை நம்மால் மீட்க முடியாது. கையில் இருப்பதை மறதி கொள்ளாமல் காப்பது நம்மால் ஆகும்.